எண்ணூர் கழிமுகம் முதல் மீஞ்சூர் வரை: தண்ணீரையும் மண்ணையும் ஐசோடோப்பு கொண்டு ஆராய்வது எப்படி

வட சென்னையில் ஒரு போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றால் அதற்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கலாம். நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்திருக்கும். ஓதத்தோடு ஏறும் கழிமுக நீர் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் மணலுக்குள் இறங்கியிருக்கும். பழைய உப்பள மண்ணில் இருந்த உப்பு கரைந்திருக்கும். ஆலைக் கழிவோ ஆர்.ஓ. கழிவு நீரோ சேர்ந்திருக்கும். இல்லையென்றால் சாக்கடை ஊறியிருக்கும். கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும் காட்டும் டி.டி.எஸ். மீட்டருக்கு இந்த ஐந்தும் ஒன்றுதான். நைட்ரேட்டிலும் இதே குழப்பம் உண்டு: வயல் உரத்திலிருந்து வந்ததும் கழிப்பறைத் தொட்டியிலிருந்து வந்ததும் பரிசோதனைக் கூடத்தில் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க நிலையான ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின், எடை மட்டும் வேறான, சிதையாத அணுக்கள்) உதவும். ஆனால் ஐசோடோப்பு எண் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. பக்கத்தில் சாதாரண வேதியியல் அளவுகள் இருக்க வேண்டும். அந்த வட்டாரத்தின் மூல நீர் ஒவ்வொன்றையும் நீங்களே அளந்திருக்க வேண்டும். பாடநூலில் உள்ள வரம்புகளைக் கொண்டுவந்து எண்ணூரில் ஒட்டினால் வரும் முடிவு பாதி நேரம் தவறாக இருக்கும். அதனால் இந்தக் குறிப்பில் கருவியைவிட மாதிரி எடுப்பதற்கும் மூல நீர்களுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எண்ணை வாசிப்பது

ஒரு தனிமத்தின் கனமான அணுவுக்கும் லேசான அணுவுக்கும் உள்ள விகிதத்தை ஒரு சர்வதேசத் தரப்பொருளின் விகிதத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஆயிரத்துக்கு எத்தனை என்று சொல்வதுதான் டெல்டா. இந்தக் குறிப்பில் ஆக்சிஜன்-18 எண், நைட்ரஜன்-15 எண் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். அலகு ‰. தண்ணீரின் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வியன்னா கடல்நீர்த் தரம், நைட்ரஜனுக்குக் காற்று, கார்பனுக்கு வியன்னா பெலெம்னைட் தரம், கந்தகத்துக்கு வியன்னா கேன்யன் டயாப்ளோ தரம். மைனஸ் என்றால் தரப்பொருளைவிட லேசானது, பிளஸ் என்றால் கனமானது. அவ்வளவே.

இந்த விகிதம் மாறுவதற்குக் காரணம், லேசான அணு உள்ள மூலக்கூறு முந்திக்கொள்வதுதான். ஆவியாகும்போது லேசான தண்ணீர் முதலில் போகும். நைட்ரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாவும் சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாவும் லேசானதை வேகமாகத் தீர்க்கும். இரண்டிலும் மிஞ்சுவது கனமாகிக்கொண்டே போகும்.

முதலில் மூல நீர்கள்

வட சென்னையின் சிக்கல் குழாய்த் தண்ணீரிலேயே தொடங்கிவிடுகிறது. புழல் ஏரியில் இருப்பது மழைநீரோடு, 1996 முதல் பூண்டி வழியாக வந்து சேரும் கிருஷ்ணா நீரும் கலந்தது. திறந்த கால்வாயிலும் ஏரியிலும் வெயிலில் கிடந்து ஆவியானது. அதனால் ஆக்சிஜன்-18 எண் உள்ளூர் மழையைவிட மேலே ஏறியிருக்கும். கோடையில் பூஜ்யத்தைத் தாண்டிப் பிளஸ் பக்கம் போகவும் கூடும். இன்னொரு பக்கம் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய, மீஞ்சூர் ஆலை என்று எல்லோரும் சொல்லும், நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர். ஆர்.ஓ. சவ்வு உப்பை நிறுத்தும். தண்ணீரின் ஐசோடோப்பை மாற்றாது. ஆகவே அந்தத் தண்ணீர் குடிக்கும்போது நன்னீர், ஐசோடோப்பில் கடல். அது குழாய்க் கசிவாகவும் சாக்கடையாகவும் நிலத்தில் இறங்கினால், உப்பே இல்லாத இடத்தில் கடல் எண் தெரியும். "ஆக்சிஜன்-18 பூஜ்யம், ஆகவே கடல் ஊடுருவல்" என்று மணலியிலோ திருவொற்றியூரிலோ ஒரே வரியில் எழுதிவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

குறைந்தபட்சம் இவ்வளவையாவது தனித்தனியாக அளந்து வையுங்கள்: கடல், மழை, புழல் ஏரி, சுத்திகரிப்பு நிலையத் தண்ணீர் மட்டும் வரும் பகுதியின் குழாய், பக்கிங்காம் கால்வாய், கழிமுகம், கடலுக்கு எட்டாத உள்பகுதியில் (பொன்னேரி, பஞ்செட்டிப் பக்கம்) ஒரு நல்ல கிணறு. எந்தத் தெருவுக்கு எந்தக் குழாய்த் தண்ணீர் வருகிறது என்பதை அந்தப் பகுதி மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) டிப்போவில் கேட்டுக்கொள்ளுங்கள். பருவத்துக்கு ஏற்ப மாற்றி விடுவார்கள் என்பதால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

கடல்நீரைக் கரையில் நின்று மொள்ளாதீர்கள். காசிமேட்டிலோ எண்ணூர்க் குப்பங்களிலோ ஒரு ஃபைபர் படகில் ஒன்றிரண்டு கி.மீ. தள்ளிப் போய், மேற்பரப்பிலிருந்து அரை மீட்டர் கீழே எடுங்கள். அதுவும் இருமுறை: சித்திரை வாக்கில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழியில் ஒன்று. வங்கக் கடலில் ஆற்றுநீர் நிறையக் கலப்பதால் மழைக்குப் பிறகு கரையோரக் கடல் நீர்த்துப்போகும், குளோரைடும் ஆக்சிஜன்-18 எண்ணும் சேர்ந்தே இறங்கும்.

மழைநீரை மாதம் ஒரு மாதிரியாகச் சேர்க்க வேண்டும். 5 லிட்டர் கேன், மேலே புனல், புனலிலிருந்து கேனின் அடிவரை இறங்கும் மெல்லிய குழாய், அழுத்தம் சமமாக இன்னொரு நீண்ட மெல்லிய காற்றுக் குழாய். இதுதான் போதுமான அமைப்பு. பழைய முறையில் அரை செ.மீ. பாரஃபின் எண்ணெயை மேலே மிதக்க விடுவார்கள். ஐசோடோப்பை லேசரால் அளக்கும் கருவிக்கு அனுப்புவதாக இருந்தால் வேண்டாம், துளி எண்ணெய் போனாலும் அளவு கெடும். கொட்டித் தீர்க்கும் ஐப்பசி, கார்த்திகையில் 5 லிட்டர் கேன் நிரம்பி வழியும்: 15 செ.மீ. விட்டமுள்ள புனலில் 300 மி.மீ. மழை என்றால் 5.3 லிட்டர். அந்த மாதங்களில் புனலைச் சிறிதாக்குங்கள், அல்லது வாரம் ஒருமுறை எடுத்து அளவோடு குறித்துவையுங்கள். சராசரி போடும்போது மழையளவால் எடைபோட வேண்டும். ஆடி, ஆவணியில் மாலை நேரத்தில் பெய்யும் இடிமழையின் எண்ணும், வங்கக் கடல் தாழ்வு மண்டலம் கொண்டுவரும் மழையின் எண்ணும் வெகுதூரம் விலகி நிற்கும்; பின்னது நன்றாக மைனஸ் பக்கம் போகும். நிலத்தடியை நிரப்புவது பெரும்பாலும் அந்த மழைதான்.

அடிபம்பு எதில் இருக்கிறது?

தெருவிலும் வீட்டு வாசலிலும் உள்ள அடிபம்பு எல்லாமே நிலத்தடி நீரை எடுப்பதில்லை. பல வீடுகளில் அது மெட்ரோ வாட்டர் குழாயிலிருந்து இழுப்பதற்காகப் போட்டது. அருகருகே இரண்டு பம்பு இருந்தால் ஒன்று போர், ஒன்று மெட்ரோ. "இதுல எந்நேரமும் தண்ணி வருமா, விட்டா மட்டும்தான் வருமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் எடுக்கவே கூடாது. போர், லாரித் தண்ணீர், மெட்ரோ மூன்றும் அதில் கலந்திருக்கும், ஆவியாகியும் இருக்கும்.

போரில் தேங்கியிருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு எடுக்க வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 20 மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 157 லிட்டர். மூன்று மடங்கு என்றால் 470 லிட்டர், 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் முப்பத்தோரு குடம். கீழே கொட்டாதீர்கள். காலையில் பம்புக்கு வரிசை நிற்கும் நேரத்தில் போனால் அந்த வேலை தானே நடந்துவிடும், நீங்கள் ஓரமாக நின்று மின்கடத்துதிறனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகள் 3 சதவீதத்துக்குள் நின்றால் மாதிரி எடுக்கலாம். வெப்பநிலை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் அங்கேயே அளந்து எழுதுங்கள். கரைந்த ஆக்சிஜன் இல்லாமல் பிறகு நைட்ரேட்டின் எண்ணை விளக்கவே முடியாது.

தண்ணீரின் ஐசோடோப்புக்கு 30 மி.லி. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பாட்டில், உள்மூடி உள்ளது. அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, தலைகீழாகத் திருப்பிக் குமிழி இல்லை என்று பார்த்து மூடுங்கள். அமிலம் வேண்டாம், ஐஸ் வேண்டாம். வெயில் படாமல் வைத்தால் போதும். வண்டல் இருந்தால் வடிகட்டுங்கள், ஆனால் வெற்றிட வடிகட்டி வேண்டாம், உறிஞ்சும்போதே ஆவியாகும். கழிமுகத்தில் எடுக்கும்போது ஏத்தமா வத்தமா (ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா) என்பதை நேரத்தோடு குறியுங்கள். முகத்துவாரம் மணல் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதையும் குறியுங்கள். அடைத்திருக்கும் நாளில் உள்ளே இருப்பது கடல் அல்ல, பழைய நீர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒருமுறையும் அஷ்டமி வாக்கில் ஒருமுறையும் எடுத்தால் கலப்பின் இரு முனைகளும் கிடைக்கும்.

நைட்ரேட்

அனுப்புவதற்கு முன்னால் அதன் அளவு தெரிய வேண்டும். பாக்டீரியா முறையில் (நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றி அளப்பது, 2001-02 முதல் பரவலானது) ஒரு மாதிரிக்கு 20 நானோமோல் நைட்ரேட் இருந்தால் போதும். லிட்டருக்கு 1 மி.கி. நைட்ரேட்-நைட்ரஜன் உள்ள நீரில் அது 0.28 மி.லி. மட்டுமே. எல்லா மாதிரிக்கும் ஒரே கனஅளவு எடுத்தால் பீக் (கருவி வரையும் முகடு) ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆகவே அளவு தெரியாத மாதிரியை நல்ல கூடம் வாங்காது.

இன்னொன்று: பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் அழுகிய முட்டை நாற்றம் வரும் இடத்தில் நைட்ரேட்டைத் தேடாதீர்கள். அங்கே ஆக்சிஜன் கிடையாது, சாக்கடையின் நைட்ரஜன் அம்மோனியமாகவே நிற்கும். அந்த நீரில் அம்மோனியத்தின் நைட்ரஜன்-15ஐத்தான் அளக்க வேண்டும், பி.எச். 2க்குக் கந்தக அமிலம் விட்டு வையுங்கள். கரையிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி, மணல் காற்றோட்டமாக உள்ள இடத்துக் கிணற்றில் அதே நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறியிருக்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் கதை முழுசாகும்.

நைட்ரேட் மாதிரியை அங்கேயே 0.2 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டியில் வடிக்க வேண்டும். செல்லுலோஸ் நைட்ரேட் சவ்வை வாங்கிவிடாதீர்கள், அதுவே நைட்ரேட்டை விடும். செல்லுலோஸ் அசிட்டேட்டோ பாலிஈதர் சல்ஃபோனோ இருக்கட்டும். முதல் 10 மி.லி.யைக் கொட்டிவிட்டு, 60 மி.லி. பாட்டிலில் முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். முழுசாக நிரப்பினால் உறையும்போது வெடிக்கும். காசிமேட்டில் உடைத்த ஐஸ் வாங்கித் தெர்மோகோல் பெட்டியில் போட்டால் மாலைவரை தாங்கும், ஆனால் பாட்டிலை ஜிப் கவரில் போட்டுத்தான் வைக்க வேண்டும். மீன் ஐஸ் உருகிய நீர் ஒரு துளி மூடிக்குள் போனாலும் மாதிரி போச்சு. அன்றைக்கே −20 டிகிரி. நைட்ரைட் இருக்கிறதா என்று பாருங்கள். பாக்டீரியா நைட்ரைட்டையும் சேர்த்தே மாற்றிவிடும், ஆக்சிஜன் எண் கெடும். நைட்ரைட் இருந்தால் சல்ஃபாமிக் அமிலம் கொண்டு நீக்கிவிட்டு, பி.எச்.ஐத் திரும்பச் சரிசெய்து அனுப்புங்கள்.

வந்த எண்ணை விளக்குவதில்தான் பெரிய குழி. பாடநூல் வரம்புப்படி ரசாயன உரத்தின் நைட்ரஜன்-15 சுமார் −4 முதல் +4 ‰, மண்ணின் இயற்கை நைட்ரஜன் +3 முதல் +8, சாக்கடையும் சாணமும் சுமார் +7 முதல் +20. ஒரு கிணற்றில் +12 வந்தால் உடனே "சாக்கடை" என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். +2 உள்ள உர நைட்ரேட்டில் பாதியைப் பாக்டீரியா சிதைத்துவிட்டது, அந்தச் சிதைவின் செறிவுக் காரணி (மிஞ்சுவது எவ்வளவு கனமாகும் என்பதைக் காட்டும் எண்) −15 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சிய நைட்ரேட்டின் எண்: 2 + (−15 × இயல் மடக்கை 0.5) = 2 + 10.4 = 12.4. ஆக உரமும் சாக்கடையும் ஒரே எண். பிரிக்க ஆக்சிஜன்-18 வேண்டும். சிதைவு நடந்திருந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறும், நிலத்தடி நீரில் நைட்ரஜன் ஏறும் அளவில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன் ஏறும். நைட்ரேட் அளவு குறையும், கரைந்த ஆக்சிஜனும் குறைவாக இருக்கும். மூன்றும் பொருந்தினால்தான் சிதைவு. ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மி.கி. இருக்கும் நீரில், நைட்ரேட் கொட்டிக் கிடக்கும்போது +12 வந்தால், அப்போது சாக்கடையைக் குற்றம் சொல்லலாம்.

மண்ணில் உருவாகும் நைட்ரேட்டின் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு காற்றிலிருந்தும் (+23.5) இரண்டு பங்கு தண்ணீரிலிருந்தும் வருவதாக எடுத்துக்கொள்வது வழக்கம். தண்ணீர் −4 என்றால் +5.2 வர வேண்டும். ஆவியான ஏரிநீர் +2 என்றால் +9.2. பாருங்கள், இங்கேயும் மூல நீரை அளக்காமல் நகர முடியாது.

சல்பேட்

கடல் சல்பேட்டின் கந்தக-34 எண் +21 ‰. உலகம் முழுக்க ஒன்றுதான் என்பதால் இது நம்பகமான முனை. அலையாத்திச் சேற்றில் சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியா வேலை செய்திருந்தால் மிஞ்சிய சல்பேட் 21ஐத் தாண்டி மேலே போகும், சல்பேட்-குளோரைடு விகிதம் கடல் விகிதத்திலிருந்து (ஒரு பங்கு சல்பேட்டுக்கு ஏழு பங்கு குளோரைடு, எடையில்) கீழே இறங்கும்.

முட்டை நாற்றமுள்ள நீரை அப்படியே பாட்டிலில் அடைத்தால் வழியிலேயே சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பேட்டாகிவிடும். எடுத்த உடனே துத்தநாக அசிட்டேட் கரைசல் விட்டு, வெள்ளையாகத் திரளும் துத்தநாக சல்பைடை வடிகட்டி எடுத்துவிடுங்கள்; அந்த வண்டலையும் வைத்துக்கொண்டால் சல்பைடின் எண்ணும் கிடைக்கும். வடித்த நீரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 3க்குக் கீழே கொண்டுவந்து, கார்பனேட் போகும்வரை 80-90 டிகிரியில் சூடாக்கி, 10 சதவீத பேரியம் குளோரைடு விட வேண்டும். 5 மி.லி. கரைசல் கிட்டத்தட்ட 195 மி.கி. சல்பேட்டுக்குப் போதும். கடல்நீரில் 10 மி.லி. எடுத்தாலே 65 மி.கி. பேரியம் சல்பேட் விழும். லிட்டருக்கு 100 மி.கி. சல்பேட் உள்ள கிணற்று நீரில் அரை லிட்டர் எடுத்தால் 120 மி.கி. ஓர் இரவு அடைய விட்டு, குளோரைடு போகும்வரை வெந்நீரில் அலசி உலர்த்துங்கள். கடைசி அலசல் நீரில் வெள்ளி நைட்ரேட் துளி விட்டால் கலங்கக் கூடாது. சல்பேட்டின் ஆக்சிஜனையும் அளப்பதென்றால் நைட்ரேட் நிறைந்த நீரில் கவனம். பேரியம் சல்பேட் படியும்போது நைட்ரேட்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், கரைத்து மறுபடி படியவைக்க வேண்டியிருக்கும்.

அனல்மின் நிலையச் சாம்பல் குட்டைகளின் பக்கம் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: சாம்பலைக் குழாயில் தள்ளிக்கொண்டு வரும் நீர் எந்த நீர்? அது கடல்நீராக இருந்தால் குட்டைக் கசிவும் கடல் ஊடுருவலும் கந்தகத்தில் ஒன்றுபோலவே தெரியும். அங்கே போரான், ஆர்செனிக் போன்ற சாம்பல் தனிமங்களின் அளவுதான் கைகொடுக்கும்.

சேறும் மண்ணும்

இரண்டு அங்குல பி.வி.சி. குழாய், 50 செ.மீ. நீளம், கீழ் விளிம்பை அரத்தால் கூராக்கியது. வத்தத்தில் அலையாத்தி ஓரமாக நேராக அழுத்தி இறக்குங்கள். மேலே ரப்பர் அடைப்பான் போட்டு மூடிய பிறகே இழுக்க வேண்டும், இல்லையென்றால் சேறு நழுவிக் கீழேயே நின்றுவிடும். குழாய்க்குள் சேற்றின் மட்டம் வெளியே உள்ளதைவிடத் தாழ்ந்திருந்தால் அமுங்கிவிட்டது என்று பொருள், எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ. வில்லைகளாக வெட்டி, குழாயைத் தொட்ட வெளி விளிம்பைச் சீவித் தள்ளி, 60 டிகிரியில் உலர்த்தி, 250 மைக்ரான் சல்லடையில் இறங்கும்வரை அரைக்க வேண்டும்.

எண்ணூர்ச் சேற்றில் கிளிஞ்சல் நிறைய. கிளிஞ்சலின் கார்பன்-13 எண் பூஜ்யத்தை ஒட்டியது, இலைமக்கின் எண் −27 அருகில். கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சினாலும் விடை தப்பு. அதனால் 25-30 மி.கி. மண்ணை வெள்ளிக் கிண்ணத்தில் எடை போட்டு, 50 மைக்ரோலிட்டர் தண்ணீரால் நனைத்து, அடியில் 100 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்த கண்ணாடி உலர்த்தியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்து, 60 டிகிரியில் உலர்த்தி, தகரக் கிண்ணத்தில் இன்னொரு சுற்றுச் சுற்ற வேண்டும், ஏனெனில் அமிலம் பட்ட வெள்ளி உடையும். உலோக உலர்த்தி வேண்டாம், தட்டு அரித்துப்போகும். நைட்ரஜன்-15ஐ அமிலம் காட்டாத தனிப் பங்கில் அளவிடுங்கள். கரிம கார்பன் 2 சதவீதம் என்றால் 25 மி.கி. மண்ணில் 500 மைக்ரோகிராம். அது கருவிக்குத் தாராளம். ஆனால் நைட்ரஜன் 0.15 சதவீதம் என்றால் அதே 25 மி.கி.யில் 37 மைக்ரோகிராம்தான். பீக் சிறிதாகும், ஆகவே நைட்ரஜனுக்கு அளவைக் கூட்டுங்கள்.

கார்பன்-13 பற்றி ஓர் எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயைச் சேற்றில் தேட இந்த எண்ணை மட்டும் நம்பியவர்கள் ஏமாறுவார்கள். கச்சா எண்ணெயின் கார்பன்-13 பெரும்பாலும் −26 முதல் −30 வரை. அலையாத்தி இலையும் அதற்குள்ளேதான் வரும். சாம்பலோடு வந்த எரியாத நிலக்கரித் தூளும் பழங்காலத் தாவரம்தான், வெகுதூரம் தள்ளி நிற்காது. எண்ணெய் என்று சொல்ல ஹைட்ரோகார்பனைப் பிரித்தெடுத்து வாயு வண்ணப்படிவியலில் பார்க்க வேண்டும். கார்பன்-13 எடுபடுவது ஒளிச்சேர்க்கை வழியில் வேறுபடும் இரு வகைகளான நெல், அலையாத்தி போன்ற சி-3 தாவரத்துக்கும் சோளம், கரும்பு, பல உப்புநிலப் புற்கள் போன்ற சி-4 தாவரத்துக்கும் (−13 அருகில்) இடையே பிரிக்கும்போது.

கடல் கலப்புக் கணக்கு

மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றில் குளோரைடு லிட்டருக்கு 2,000 மி.கி. என்று வைப்போம். உள்பகுதி நன்னீர்க் கிணற்றில் 100, ஆக்சிஜன்-18 −5.0. கடலில் 19,400, எண் 0. கடல் பங்கு: (2,000 − 100) ÷ (19,400 − 100) = 9.8 சதவீதம். அப்படியானால் ஆக்சிஜன்-18 எதிர்பார்க்கும் எண் −5.0 × 0.902 = −4.5. (இவை கணக்குக்காக எடுத்தவை, உங்கள் எண்ணைப் போடுங்கள்.)

அளந்தது −4.5 அருகில் வந்தால் கடல் கலப்பு என்பதோடு ஒத்துப்போகிறது. −5.0லேயே நின்றால் தண்ணீர் மாறவில்லை, உப்பு மட்டும் கூடியிருக்கிறது: உப்பு கரைந்தது, அல்லது வேர் தண்ணீரை உறிஞ்சி உப்பை விட்டுவைத்தது (வேர் உறிஞ்சுவதில் பெரும்பாலான செடிகளில் ஐசோடோப்பு மாறாது), அல்லது போர் நீரைச் சுத்திகரித்த ஆர்.ஓ. கழிவு. மேலே ஏறி −2 வந்தால் டியூட்டீரியத்தையும் (கனமான ஹைட்ரஜன்) சேர்த்துப் பாருங்கள். ஹார்மன் கிரெய்க் 1961இல் வரைந்த உலக மழைக்கோட்டில் டியூட்டீரியம் எண் = 8 × ஆக்சிஜன்-18 எண் + 10. ஆவியான நீர் இந்தக் கோட்டைவிட்டு 4 முதல் 6 வரையிலான சாய்வில் வலப்பக்கம் விலகும். ஆனால் ஆவியாதலால் மட்டுமே 100 மி.கி. குளோரைடு 2,000 ஆக வேண்டுமென்றால் இருபதில் பத்தொன்பது பங்கு தண்ணீர் போயிருக்க வேண்டும், அப்படிப்பட்ட நீர் −2இல் நிற்காது. ஆக அங்கே வேறேதோ சேர்ந்திருக்கிறது.

குளோரைடு குறைவு, எண் பூஜ்யம் அருகில் என்றால் மீதி இருப்பது இரண்டு: ஆவியான ஏரிநீர், சுத்திகரித்த கடல்நீர். டியூட்டீரியம் மிகை (டியூட்டீரியம் எண்ணிலிருந்து ஆக்சிஜன்-18ன் எட்டு மடங்கைக் கழித்தது) கடல்நீரில் பூஜ்யம் அருகில் இருக்கும், ஏரிநீரில் அதற்குக் கீழே மைனஸில் போகும். வித்தியாசம் சில ‰தான். கருவியின் பிழையே ஒன்றுக்கு மேல் வரும். இங்கே போரானை அளப்பது புத்திசாலித்தனம். கடல்நீரில் லிட்டருக்கு 4.5 மி.கி. போரான் உண்டு, ஆர்.ஓ. சவ்வு அதை மற்ற உப்புகள் அளவுக்குத் தடுப்பதில்லை. ஏரிநீரில் அவ்வளவு இருக்காது. சாக்கடையா கடலா என்று தடுமாறும்போது குளோரைடு-புரோமைடு விகிதமும் மலிவான துணை: கடலில் எடையில் சுமார் 290, சாக்கடையில் அதைவிட மேலே.

கூடத்துக்கு அனுப்பும்போது

இந்தியாவில் அகமதாபாத் பி.ஆர்.எல்., ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம், ஐதராபாத் என்.ஜி.ஆர்.ஐ., கோழிக்கோடு சி.டபிள்யூ.ஆர்.டி.எம். போன்ற இடங்களில் ஐசோடோப்பு வசதி உண்டு. எந்த ஐசோடோப்பை எங்கே அளக்கிறார்கள், வெளி மாதிரி வாங்குவார்களா என்பதை மாதிரி எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பாட்டிலும் வடிகட்டியும் அவர்கள் சொல்லும் முறைக்கு ஏற்ப மாறும். ஒவ்வொரு மாதிரியின் மின்கடத்துதிறனையும் பட்டியலில் எழுதுங்கள். உப்பு நீர் லேசர் கருவியின் ஆவியாக்கியில் படிந்து அடைக்கும், நன்னீரையும் கடல்நீரையும் மாற்றி மாற்றி ஓட்டினால் முந்தைய மாதிரியின் மிச்சம் அடுத்ததில் தெரியும். ஆறு முறை ஊசி போட்டு முதல் மூன்றைத் தள்ளுவது இதனால்தான். கரிமக் கழிவு உள்ள நீரென்றால் அதையும் சொல்லுங்கள், ஆல்கஹால் வகைகள் லேசரை ஏமாற்றும்.

பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி, ஒவ்வொரு நாளும் ஒரு வெற்று மாதிரி (தூய நீரை அதே முறையில் எடுத்தது). இரட்டை மாதிரிக்கு வேறு பெயர் கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வரும் அறிக்கையில் எந்தத் தரப்பொருள்களால் சரிசெய்தார்கள் என்பது இருக்க வேண்டும், நைட்ரேட்டுக்கு யு.எஸ்.ஜி.எஸ்.-34, யு.எஸ்.ஜி.எஸ்.-35, ஐ.ஏ.இ.ஏ.-என்.ஓ.-3 போன்றவை வழக்கம். ஒரே ஒரு தரப்பொருளால் சரிசெய்த எண்ணை வாங்காதீர்கள், அளவுகோல் நீண்டிருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று அதில் தெரியாது.

நைட்ரஜன்-15 சேர்த்துச் செய்யும் சோதனை

இதுவரை சொன்னது இயற்கையில் இருப்பதை அளப்பது. வேகத்தை அளக்க வேண்டுமென்றால் கனமான நைட்ரஜனை நாமே சேர்க்க வேண்டும். பொன்னேரி வயல் மண்ணில் 100 கிராமுக்கு நைட்ரஜன்-15 செறிந்த அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்துச் சமமாகத் தெளித்து, கால் மணியில் ஒரு பங்கும் 24 மணியில் ஒரு பங்கும் எடுத்து, 10 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. வீதம் 2 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். அம்மோனியம் இரண்டு முறையும் கிலோவுக்கு 20 மி.கி. இருந்தால் மேலோட்டமாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் கூடுதல் நைட்ரஜன்-15 (இயற்கையில் உள்ளதற்கு மேல் இருப்பது) பத்திலிருந்து 7.5 அணு சதவீதத்துக்கு (நூறு நைட்ரஜன் அணுவுக்கு எத்தனை) இறங்கியிருந்தால், மண்ணின் கரிமத்திலிருந்து சாதாரண அம்மோனியம் வந்து நீர்த்திருக்கிறது: 20 × இயல் மடக்கை (10 ÷ 7.5) = ஒரு நாளில் கிலோவுக்கு 5.8 மி.கி. அதே அளவு செலவாகியும் இருக்கிறது. அளவு மாறும் மண்ணுக்கு இந்தக் குறுக்குவழி பொருந்தாது, 1954இல் வெளியான கிர்க்ஹாம்-பார்த்தலோமியூ சமன்பாட்டைப் போட வேண்டும்.

குறியிட்ட மண்ணை அரைத்த ஆட்டுக்கல்லிலோ அரவையிலோ எடை போட்ட கரண்டியிலோ இயற்கை மாதிரி படவே கூடாது. பாத்திரம், தராசு மேசை, உலர்த்தி எல்லாம் தனி. இடம் இல்லையென்றால் இயற்கை மாதிரிகளை எல்லாம் முடித்து அனுப்பிய பிறகே குறியிட்டதைத் திறவுங்கள். கூடத்துக்கு அனுப்பும் பெட்டியும் தனி. மேலே "நைட்ரஜன்-15 செறிவூட்டியது" என்று எழுதி, எதிர்பார்க்கும் அணு சதவீதத்தையும் குறிப்பிடுங்கள். சொல்லாமல் விட்டால் அது கருவியில் படிந்து, உங்களுக்குப் பின்னால் வரிசையில் இருப்பவர்களின் எண்ணெல்லாம் உயர்ந்துவிடும். அவர்களுக்குக் காரணமும் தெரியாது.